இடது முன்சக்கரம்

விரலில் அந்த வாடை எப்போது ஏறியது என்று கலியபெருமாளுக்குத் தெரியவில்லை. நெற்றி வேர்வையைப் புறங்கையால் துடைத்தபோது மூக்குக்குப் பக்கத்தில் வந்தது. வந்தது போகவில்லை. தேர் கிழக்கு வீதியை முடித்து, மூலை திரும்பி, தெற்கு வீதிக்குள் இப்போதுதான் நுழைந்திருந்தது. தலைக்கு மேலே இருநூறு டன் மரமும் இரும்பும், அதற்கு மேலே அம்மனும், அம்மனுக்குப் பக்கத்தில் குருக்களும். அத்தனைக்கும் அடியில், முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவில் தொங்கவிட்ட இரும்புக் கூண்டில், முழங்கால் மோவாயை இடிக்க இவர் குந்தியிருக்கிறார். கையில் பம்புக் கைப்பிடி. நாலு தடவை அமுக்கினால் பிரேக் ஆயில் குழாயில் ஓடிப்போய்ச் சக்கரத்துக்கு ஒன்றாக இருக்கிற பிஸ்டனை வெளியே தள்ளும், பிஸ்டன் போய்ச் சக்கரத்தை நெருக்கும், தேர் நிற்கும். பக்கத்துத் திருகைத் திறந்தால் ஆயில் திரும்பி வரும், பிஸ்டன் உள்ளே போகும், தேர் நகரும். இவ்வளவுதான் வேலை. பதினோரு வருஷமாக வருஷத்துக்கு ஒரு நாள் இந்த வேலை, மிச்ச நாளெல்லாம் பைபாஸ் ரோட்டில் லாரிக்கும் வேனுக்கும் பிரேக் பார்க்கிற பட்டறை. ஊரில் பிரேக் கலியபெருமாள் என்றுதான் பெயர். அப்பேர்ப்பட்டவர் விரலை இன்னொரு தடவை மோந்து பார்த்தார். பிரேக் ஆயில் வாடை இல்லை அது. விளக்கெண்ணெய் வாடை.

இருக்காது என்றது மனசு. அச்சுக்கு ஊற்றிய எண்ணெயாக இருக்கும், சனங்கள் விடியற்காலையிலிருந்து கொண்டுவந்து கொட்டுகிறார்கள், எங்கேயோ தெறித்துக் கையில் ஒட்டியிருக்கும். தேர் ஓடுகிற அன்றைக்கு அச்சுக்கு விளக்கெண்ணெய் ஊற்றுவதாக வேண்டிக்கொள்வது இந்த ஊர் வழக்கம். அதுதான், அதேதான் என்று சொல்லிக்கொண்டே அவர் கண் கூண்டு மூலைக்குப் போய்விட்டது. அங்கே ரெண்டு கேன். ஒன்று சீல் உடைக்காத புதுசு. இன்னொன்று பாதி காலி, மேலே அதே பிரேக் ஆயில் கம்பெனி லேபிள், கசங்கி, ஓரம் கிழிந்து. நேற்று சாயங்காலம் ஊற்றிவிட்டு மீதி வைத்த கேன் என்றுதான் மூலை திரும்பும்போது அதை எடுத்தார், டேங்கில் மட்டம் இறங்கியிருக்கிறதே என்று கடகடவென்று அரை லிட்டர் ஊற்றினார். ஆனால் நேற்றைய மீதிக் கேன் கோயில் ஸ்டோர் ரூமில் அல்லவா இருக்கிறது. பூட்டிச் சாவியை ஆணியில் மாட்டியது இவர் கைதானே. அப்போது இது. இது கோமளவல்லி காலையில் கொடுத்தது. ஏங்க, நீங்க கீழதானே குந்தியிருக்கப் போறீங்க, நம்ம எண்ணெயையும் அச்சுல ஊத்திடுங்க, நான் கூட்டத்துல இடிபட்டு வரணுமா என்று பெண்டாட்டி வாசலில் நின்று நீட்டிய கேன். பிரேக் பார்க்கிறவன் வீட்டில் வேறு எதில் எண்ணெய் இருக்கும். காலி கேனைச் சோடா போட்டுக் கழுவி இவரே கொண்டுபோய்க் கொடுப்பார், தேங்காயெண்ணெய் அதில்தான், மண்ணெண்ணெய் அதில்தான், விளக்கெண்ணெயும் அதில்தான். அடுப்படி மேடையில் வரிசையாக அஞ்சு கேன் நிற்கும். வீட்டுக்கு வருகிறவர்கள் என்ன இது உங்க வீட்டுச் சமையலே பிரேக் ஆயில்லயா என்று கேலி பண்ணுவார்கள், இவரும் சேர்ந்து சிரிப்பார். சிரிச்சியே, இப்பச் சிரி. ஊற்றும்போது கொஞ்சம் கெட்டியாக இறங்கியது, அது கூடத் தெரிந்தது. தேர்ச்சீலை நாலு பக்கமும் தொங்குகிற இருட்டு, நிறம் தெரியவில்லை, மேலே நாதஸ்வரம், வெளியே கோயில் மணியம் பக்கிரிசாமி சீக்கிரம்யா சீக்கிரம்யா என்கிறார். கெட்டியா இறங்குதே என்று ஒரு நினைப்பு வந்தது, அதைக் கை கேட்கவில்லை.

மணி ரெண்டு தடவை அடித்தது. வெளியே முன்னால் கொடியோடு நடக்கிற பக்கிரிசாமி கயிற்றை இழுத்தால் கூண்டுக்குள் மணி அடிக்கும். ஒன்று என்றால் மெதுவாகப் பிடி, ரெண்டு என்றால் நிறுத்து. இவரிடமும் ஒரு கயிறு உண்டு. பிரேக்கை விட்டாயிற்று, இனி பயமில்லை, இழுக்கலாம் என்பதற்கு இவர் ஒரு மணி கொடுப்பார், அதைக் கேட்ட பிறகுதான் முட்டுக்காரர்கள் குனிந்து சக்கரத்துக்கு முன்னால் வைத்த முட்டுக்கட்டையை எடுப்பார்கள். நிறுத்து என்று உள்ளேயிருந்து ரெண்டு மணியும் கொடுக்கலாம், கொடுத்ததில்லை, பதினோரு வருஷத்தில் ஒரு தடவை கூட. கைப்பிடியை அமுக்கினார். பிடித்தது. பிடித்தது, ஆனால் கை பழகிய கைப்பிடி இல்லை, உள்ளே மெத்தென்று ஒரு அழுத்தம், இட்லி மாவில் கையை வைத்த மாதிரி. கூண்டிலிருந்து பார்த்தால் இடது முன்சக்கரத்துப் பிஸ்டன் தெரியும், வெளியே வந்து நிற்கும்போது பளபளவென்று ஒரு சாண் நீளம். அது வந்து நின்றது. திருகைத் திறந்தார். ஒண்ணு, ரெண்டு என்று எண்ணுவதற்குள் உள்ளே போய்விடும் வழக்கம். ஒண்ணு, ரெண்டு, மூணு. போயிற்று. பார்த்தியா, போயிடுச்சு, ஒன்றும் ஆகாது. போன வருஷம் ஒரு பள்ளிக்கூட வேன் வந்ததே, டிரைவர் எவனோ பிரேக் டேங்கில் இஞ்சின் ஆயிலை ஊற்றிவிட்டான், பிரித்துப் பார்த்தால் சிலிண்டருக்குள் ரப்பர் வாஷரெல்லாம் ஊறின கொண்டைக்கடலை மாதிரி உப்பிப்போய்க் கிடந்தது. பிஸ்டன் போகவும் மாட்டேன் வரவும் மாட்டேன் என்று இறுகி நின்றது, சுத்தியலால் தட்டினதும் படாரென்று விட்டது. அந்தப் படார் இப்போது எதற்கு ஞாபகம் வரவேண்டும். அது இஞ்சின் ஆயில், இது விளக்கெண்ணெய், வேற வேற. அந்தக் காலத்தில் பிரேக்குக்கே விளக்கெண்ணெய்தான் கலப்பார்கள் என்று யாரோ சொல்லிக் கேட்டிருக்கிறாரே. யார் சொன்னது. எந்த வாஷருக்கு. அந்தக் காலத்து வாஷரும் இந்தக் காலத்து வாஷரும் ஒன்றா. அரை லிட்டர்தானே, மொத்தம் ஆறு லிட்டர். ஆனால் டேங்கில் மேலே ஊற்றியது முதலில் எந்தக் குழாய்க்குப் போகும், பக்கத்தில் இருக்கிற இடது குழாய்க்குத்தான் போகும். சும்மா இரு என்று மனசை அடக்கினார், அது இன்னொரு பக்கமாகச் சுற்றிக்கொண்டு அதே இடத்துக்கு வந்து நின்றது. கயிற்றை ஒரு தடவை இழுத்தார். வெளியே மணி அடித்தது. தேர் நகர்ந்தது.

தேர்ச்சீலைக்கும் தரைக்கும் நடுவில் ஒரு முழ இடைவெளி, அதன் வழியாக இவருக்கு உலகம் என்றால் கால்கள்தான். வடம் பிடிக்கிறவர்களின் கால்கள், போலீஸ் பூட்ஸ், மோர்ப் பந்தல் வாளிகள், இடது முன்சக்கரத்துக்கு ஒரு கஜம் முன்னால் ரெண்டு கால்கள். அது தம்பி உத்திராபதி. பாதத்தைப் பார்த்தாலே தெரியும், பெருவிரல் வெளிப்பக்கமாகச் சாய்ந்திருக்கும், அப்பாவுக்கு இருந்தது போல. இடது முழங்காலில் சுற்றிய பட்டையின் கீழ் ஓரம் சீலைக்கு அடியில் வந்து வந்து மறைகிறது. இருபது வருஷமாக இடது முன்சக்கரம் அவனுடையது. ஐப்பசியில் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து மூட்டு போயிற்று, ஆபரேஷன் பண்ணி ஆறு மாசம் ஆகவில்லை. குனிந்தால் எழுந்திருக்க ஒரு நொடி கூடுதலாக ஆகிறது. முட்டுக்காரனுக்கு அந்த ஒரு நொடிதான் எல்லாமே. ஓடுகிற சக்கரத்துக்கு முன்னால் கட்டையைச் செருகிவிட்டுப் பின்னால் தாவணும், தாவ முடியாது அவனால். போன வாரம் பட்டறைக்கு வந்து அவன் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தபோது, இந்த வருஷம் வேண்டாம்டா, வலது பக்கத்து ஆளை விட்டு ரெண்டு பக்கமும் பார்க்கச் சொல்லுவோம் என்று இவர் சொன்னதற்கு அவன் சிரித்தான். நீ பிரேக்கு போட்டேன்னா சக்கரம் நின்னுடப் போவுது, நின்ன சக்கரத்துக்குக் கட்டைய வைக்க எனக்கு எதுக்குண்ணே முட்டி, சின்னப்புள்ள வைக்கும் என்றான். வேற எவனாவது கீழ இருந்தா நான் இறங்க மாட்டேன், நீ இருக்கேன்னுதான் இறங்குறேன் என்றான். அப்போது பெருமையாக இருந்தது, ரெண்டு டீ சொன்னார். கோமளவல்லி வேண்டிக்கொண்டதும் அவன் முட்டிக்குத்தான். கொழுந்தனாருக்குக் கால் நேராகணும், அச்சுக்கு எண்ணெய் ஊத்துறேன் தாயே. அந்த எண்ணெய்தான் இப்போது குழாய்க்குள் அவன் பக்கமாக நகர்ந்துகொண்டிருக்கிறது. சின்ன வயசில் மாசத்துக்கு ஒரு சனிக்கிழமை அம்மா ரெண்டு பேருக்கும் விளக்கெண்ணெய் கொடுப்பாள், மூக்கைப் பிடித்து, சங்கில் ஊற்றி. இவர் வாயில் அடக்கிக்கொண்டு கொல்லைக்குப் போய்த் துப்பிவிடுவார். அவன் முழுங்கிவிடுவான். அண்ணன் முழுங்கியாச்சு பாரு, நீயும் முழுங்கு என்பாள் அம்மா. அவன் அண்ணனைப் பார்ப்பான், இவர் தலையாட்டுவார், நம்பி முழுங்குவான். அட பாவி மனுஷா, அப்போதிலிருந்தே அப்படித்தானா நீ. இவருக்கு வாயெல்லாம் அந்தக் கொழகொழப்பு வந்து உமிழ்நீர் ஊறியது.

சொல்லிவிடலாம். கயிற்றை ரெண்டு தடவை இழுத்தால் போதும், பக்கிரிசாமி சிவப்புக் கொடியைக் காட்டுவார், வடம் தளரும், கட்டை வைப்பார்கள். அப்புறம். அப்புறம் பக்கிரிசாமி குனிந்து என்னய்யா என்பார். என்ன சொல்வது. பிரேக்குல விளக்கெண்ணெய ஊத்திட்டேன் என்று சொல்வதா. சொன்ன அடுத்த நிமிஷம் வடம் பிடிக்கிற கடைசி ஆள் வரைக்கும் போய்விடும். பிரேக் கலியபெருமாள் தேருக்குப் பேதிக்குக் கொடுத்துட்டானாம்டா என்று ஆரம்பித்தால் இந்த ஊர் வாய் பத்து வருஷத்துக்கு மூடாது, பட்டறைக்கு வருகிற ஒவ்வொரு டிரைவரும் கேனைத் திறந்து மோந்து பார்ப்பான். அது கூடப் போகட்டும். யார் வீட்டு எண்ணெய் என்று கேட்பார்கள். கோமளவல்லி கொடுத்தது என்று தெரிந்தால் பேச்சு வேறு பக்கம் போகும், அவள் சுத்தமாக இருந்தாளா, என்ன குறை வைத்தாள், அம்மன் ஏன் அவள் எண்ணெயில் நின்றாள் என்று ஆளாளுக்கு ஒரு கதை கட்டுவார்கள். வீதி நடுவில் தேர் நின்றால் ஊருக்கு ஆகாது என்பார்கள். அந்த வருஷம் எவன் செத்தாலும், எந்த ஆற்றில் தண்ணீர் வராவிட்டாலும் கலியபெருமாள் பெண்டாட்டி எண்ணெய். மாலையில் தெருக்குழாயில் தண்ணி பிடிக்கப் போகிறவள் அவள்தானே, இவரா. அதனால் சொல்ல வேண்டாம், இந்த வீதி ஒன்றுதான், மேல வீதி போய்விட்டால் சமதரை, அங்கே சாப்பாட்டு நேரத்துக்கு ஒரு மணி நேரம் நிறுத்துவார்கள், யாருக்கும் தெரியாமல் எண்ணெயை இறக்கிவிட்டுப் புதுக் கேனை உடைத்து ஊற்றிவிடலாம். இதுதான் சரி, இதுதான் புத்தி. ஆனால் மேல வீதிக்கு முன்னால் குளத்து இறக்கம் இருக்கிறது. வீதி கடைசியில் குளக்கரை ஓரமாக நூறடிக்குச் சரிவு. வருஷா வருஷம் அந்த நூறடியில்தான் இவருக்கு வேலை, மற்ற இடமெல்லாம் முட்டுக்கட்டையே பார்த்துக்கொள்ளும். அந்த நூறடியில் சக்கரம் நிற்காவிட்டால் முதலில் யார். யார் என்று நினைப்பதற்குள் கண் அந்தக் கால்களுக்குப் போய்விட்டது.

மணி ரெண்டு தடவை அடித்தது. அமுக்கினார், பிடித்தது. உத்திராபதி குனிந்து கட்டையை வைத்தான். கை மட்டும் தெரிந்தது, அப்புறம் முழங்காலில் கையை ஊன்றி, மெதுவாக எழுந்தான். எழுகிற நேரத்தை இவர் எண்ணினார், எண்ண வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே எண்ணினார். மண்டகப்படி தேங்காய் உடைத்து முடிந்தது. பச்சைக் கொடி போலிருக்கிறது, வெளியே சத்தம் கூடியது. திருகைத் திறந்தார். பிஸ்டன் அப்படியே நின்றது. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. போடா போ, உள்ள போ, என் சாமில்ல. அஞ்சு, ஆறு, ஏழு. மெல்ல, விருப்பமில்லாமல், வழுக்கிக்கொண்டு உள்ளே போயிற்று. வாஷர் உப்ப ஆரம்பித்துவிட்டது. இனி சந்தேகம் ஒன்றும் இல்லை, இவர் கைக்குத் தெரியும், இருபத்தெட்டு வருஷம் வாஷர் மாற்றின கை. இப்போது கயிற்றை இழு, ரெண்டு தடவை. கை கயிற்றுக்குப் போயிற்று. ஒரு தடவை இழுத்தது. இழுத்ததும் கையையே பார்த்துக்கொண்டிருந்தார், யாருடைய கையோ போல. வெளியே மணி கேட்டதும் உத்திராபதி நம்பிக் குனிந்தான், கட்டையை உருவினான், ரெண்டு எட்டு பின்னால் நடந்து சக்கரத்துக்கு முன்னால் தன் இடத்தில் நின்றுகொண்டான். பின்னால் புல்டோசர் உறுமியது. பெரிய தேருக்கு வடம் மட்டும் போதாது, பின்னால் ரெண்டு புல்டோசர் நெட்டித் தள்ளும். அந்த உறுமல் இவர் முதுகெலும்பில் ஏறி நின்றது. பயம் வயிற்றில் வரும் என்பார்கள், இவருக்குப் பல்லில் வந்தது, கீழ்வரிசைப் பல் தானாக ஆடியது, வாயை இறுக்கினாலும் ஆடியது. அடுத்த மணியில் சொல்லிவிடுகிறேன். பஜனை மடம் தாண்டினதும் சொல்லிவிடுகிறேன். அங்கே கொஞ்சம் அகலம் கூடுதல், தேர் நின்றால் சனங்களுக்கு இடம் இருக்கும். இப்படித்தான் ஒவ்வொரு இடமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டு போனார், ஒவ்வொரு இடமும் தாண்டிப் போயிற்று, சீலைக்கு அடியில் கால்கள் நடந்துகொண்டே இருந்தன, வெயிலில் தார் சுட்டு அவ்வப்போது பாதத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு.

கடைசி மணி குளத்து இறக்கத்துக்கு இருபதடி முன்னால் வந்தது. அங்கே எப்போதும் ஒரு தடவை நிறுத்தி, மூச்சு விட்டு, வடத்தைச் சரிபார்த்துக்கொண்டுதான் சரிவில் இறங்குவார்கள். அமுக்கினார். பிஸ்டன் வந்தது, சக்கரம் நின்றது, கட்டை வைத்தார்கள். இறங்கப் போகிறோம் என்று வெளியே பக்கிரிசாமி ஒலிபெருக்கியில் பேசுகிறார், பிள்ளைகுட்டிகளை ஓரம் கட்டுங்க, குளத்துப் பக்கம் யாரும் நிக்காதீங்க. திருகைத் திறந்தார். பிஸ்டன் அசையவில்லை. எண்ணினார். இருபது வரைக்கும் எண்ணினார், ஒரு சாண் இரும்பு பளபளவென்று அப்படியே இருந்தது. திருகை மூடித் திறந்தார், மூடித் திறந்தார். வெளியே கத்துகிறார்கள், என்ன கலியபெருமாளு, மணியக் குடு. பழகின கை, கேட்டதும் ஒரு மணி கொடுத்துவிட்டது. கொடுத்த பிறகுதான் புரிந்தது என்ன செய்தோம் என்று. கட்டைகள் போய்விட்டன. வடம் விறைத்தது, தேர் முழுக்க மரம் முறுகுகிற சத்தம், சக்கரம் நகரவில்லை. ஆள் பத்தலை, இழு இழு என்று ஆயிரம் தொண்டை. தேர் அடம் பிடிப்பதாக நினைக்கிறார்கள். அடம் பிடிப்பது அம்மன் இல்லை, எலுமிச்சங்காய் அளவு ஒரு ரப்பர், இவர் ஊற்றிய எண்ணெயில் உப்பி இறுகிக் கிடக்கிறது, முன்னால் ஆயிரம் பேரும் பின்னால் புல்டோசரும் அதை இழுத்துக்கொண்டிருக்கிறார்கள். வேன் வாஷர் விட்ட மாதிரி இது விட்டால். இது விடும். எப்போதாவது ஒரு நொடியில் விடும். விட்டால் மெதுவாக நகராது, பாயும், பாய்ந்தால் நேரே சரிவு, திரும்ப அமுக்கினால் பிடிக்குமா என்று யாருக்குத் தெரியும். அப்போது அந்தக் கால்கள் மடங்கின. உத்திராபதி குந்தினான். சக்கரம் ஏன் நகரவில்லை, கல்லு கில்லு சிக்கியிருக்கிறதா என்று பார்க்க, ஆபரேஷன் செய்த காலை ஒரு பக்கமாக நீட்டிக்கொண்டு, தலையைச் சாய்த்து, சக்கரத்துக்கு நேர் முன்னால் முகத்தைக் கொண்டுவந்து வைத்தான். பதினோரு வருஷத்தில் முதல் தடவையாகக் கூண்டிலிருந்து தம்பியின் முகத்தைப் பார்த்தார். மூக்கு நுனியில் வேர்வை தொங்கியது. அவனுக்கு இருட்டுக்குள் இவர் தெரியவில்லை. அண்ணே, என்னண்ணே ஆச்சு என்று சாதாரணமாகக் கேட்டான்.

கயிற்றை ரெண்டு தடவை இழுத்தார். இன்னும் ரெண்டு. இன்னும் ரெண்டு. வேட்டும் தவிலும் புல்டோசரும் போடுகிற சத்தத்தில் ஒரு மணி எவன் காதில் விழும். எந்திரிடா என்று கத்தினார், குரல் வந்ததா வரவில்லையா என்று அவருக்கே தெரியவில்லை. உத்திராபதி காதைக் கையால் குவித்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் உள்ளே தலையை நீட்டினான். கூண்டுக் கதவை உதைத்துத் திறந்துகொண்டு வெளியே போகவேண்டும், முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவில் உள்ள இடுக்கில் நெஞ்சால் ஊர்ந்து போனால் வெளிச்சம். ஊர்கிற நேரத்தில் விட்டுவிட்டால் பின்சக்கரம் இவர் மேல்தான் ஏறும். உடம்பு எழ மறுத்தது. முழங்கால் மறுத்தது, இடுப்பு மறுத்தது, கை கைப்பிடியை விட மறுத்தது, விரலை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுக்க வேண்டியிருந்தது. இந்தக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இப்படியே இருந்தால் தனக்கு ஒன்றும் ஆகாது, கூண்டு பத்திரம், நடந்தது எதுவும் யாருக்கும் தெரியப் போவதில்லை, பிரேக் ஃபெயிலியர் என்று எழுதுவார்கள், இரும்பின் மேல் பழி போகும். அந்த நினைப்பும் வந்தது, வரவில்லை என்று சொன்னால் பொய். தனக்குள் இப்படி ஒன்று இருக்கிறதே என்று தெரிந்ததும் பிஸ்டனைவிட அதற்குத்தான் பயந்தார். அந்தப் பயம் கதவை உதைத்தது. ஊர்ந்தார். சட்டை எங்கோ மாட்டிக் கிழிந்தது, வேட்டி அவிழ்ந்து பாதி உள்ளேயே நின்றுவிட்டது. ட்ராயரோடு வெயிலில் வந்து விழுந்து, தம்பியின் கக்கத்தில் கையைக் கொடுத்துப் பின்பக்கமாக இழுத்துத் தள்ளினார். அவன் முட்டி மடங்கி அய்யோ என்றான். பக்கிரிசாமியைப் பார்த்து ரெண்டு கையையும் தலைக்கு மேல் ஆட்டினார். சிவப்புக் கொடி ஏறியது. வடம் தளர்ந்தது. புல்டோசர் அடங்கியது. ஒன்றும் ஆகவில்லை. சக்கரம் ஒரு நூல் கூட நகரவில்லை.

அப்புறம் நாலு சக்கரத்துக்கும் முன்னும் பின்னும் கட்டை வைத்துச் சம்மட்டியால் அடித்து இறுக்கினார்கள். இடது முன்சக்கரத்துக்கு உத்திராபதியே நொண்டி நொண்டி வந்து அடித்தான். பக்கிரிசாமி துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "என்னய்யா இது, அவுத்துப் போட்டுட்டு ஓடியாறே?" என்றார்.

"பிரேக்குல விளக்கெண்ணெய ஊத்திட்டேன்" என்றார் கலியபெருமாள். "கேன் மாறிப்போச்சு. நான்தான் பாக்காம ஊத்தினேன், வேற யாரும் இல்ல. வாஷர மாத்தணும், ஒன்றரை மணி நேரம் ஆவும்."

சுற்றி நின்றவர்களில் ஒருத்தன் களுக்கென்று சிரித்தான். பக்கிரிசாமி சிரிக்கவில்லை, நல்ல காலம் என்று மேலே பார்த்துக் கும்பிட்டுவிட்டு, குருக்களிடம் சொல்லப் போனார். எவனோ ஒரு துண்டைக் கொடுத்தான், இவர் இடுப்பில் சுற்றிக்கொண்டார். இவ்வளவுதானா என்று இருந்தது. ஒரு வீதி முழுக்க இதற்கா நடுங்கினோம். உத்திராபதி சம்மட்டியைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்தான். முகத்தில் கோபம் இல்லை. அண்ணனின் கலைந்த முடியை ஒதுக்கிவிடப் போவது போலத்தான் இருந்தது.

"எப்பத் தெரியும்ண்ணே உனக்கு?"

இப்பத்தான் என்று ஒரு வார்த்தை நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அதைச் சொன்னால் முடிந்தது, யாரும் மேலே கேட்கப்போவதில்லை.

"மூலை திரும்பினப்பவே" என்றார்.

உத்திராபதி திரும்பி, வந்த வழியைப் பார்த்தான். நீண்ட வீதி. அந்தக் கடைசியில் கிழக்கு மூலைப் பந்தல் சின்னதாகத் தெரிந்தது. அதிலிருந்து ஆரம்பித்து மோர்ப் பந்தல், மண்டகப்படி, பஜனை மடம் என்று நின்ற இடத்தையெல்லாம் அவன் கண் தொட்டுக்கொண்டே வந்து, கடைசியாகச் சக்கரத்துக்கு முன்னால் தான் குந்திய இடத்தில் நின்றது. அங்கே இளகிய தாரில் அவன் கை ஊன்றிய தடம் பதிந்திருந்தது.

"ஒவ்வொரு தடவையும் மணி குடுத்தியே" என்றான்.

இவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார், அப்போதும் தம்பியின் கால்கள்தான் தெரிந்தன, பட்டை அவிழ்ந்து தொங்கியது, முட்டி வீங்க ஆரம்பித்திருந்தது. போய்விடுவான் என்று நினைத்தார். வீட்டைப் பார்க்க நடந்துவிடுவான், வலது பக்கத்து ஆள் வந்து அவன் கட்டையை எடுத்துக்கொள்வான், அதுதான் நியாயம்.

"சரி, போய் வேலையப் பாரு" என்றான் உத்திராபதி. "ஆனா முடிச்சிட்டு உள்ள குந்திக்கிட்டு மணி அடிக்காத. வெளிய வந்து, என் மூஞ்சியப் பாத்து, பிரேக்கு புடிக்கும்னு உன் வாயால சொல்லு. அதுக்கப்புறம் கட்டைய எடுக்கிறேன்."

கலியபெருமாள் தலையாட்டப் போனார், ஆட்டாமல் நிறுத்திக்கொண்டு, "சொல்றேன்" என்றார்.